வியாழக்கிழமை என் முறை

நாட்றம்பள்ளி,
5-9-2025, வெள்ளி, காலை 10.20
(96ஆம் நாள்)

அன்பு மகள் எழிலரசிக்கு,

உன் தந்தை ராமலிங்கம் எழுதுவது. 27-6, 25-7, 22-8 ஆகிய தேதிகளில் நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அவை தபாலில் தவறியிருக்கலாம் என்று எழுதி உனக்கு ஒரு சாக்கு ஏற்படுத்தித் தர நான் விரும்பவில்லை. நீ படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய். உன் கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதும் தெரியும். எப்படியும் இங்கே முதல் ஆறு மாதம் கைபேசி கிடையாது. ஆகவே மீண்டும் கடிதம்.

குடியை விடுவதற்கென்று 2-6-2025 திங்களன்று நான் வந்து சேர்ந்த இந்த இல்லத்தைப் பற்றி விவரமாக எழுதியதில்லை. இதை நடத்தும் ஜோசுவா பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு வரை எங்களைப் போல் குடித்துக்கொண்டிருந்தவர். இருபத்து நான்கு பேர் தங்கியிருக்கிறோம். கேட்டுக்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம். போகாமல் இருப்பதற்கு அவர் செய்திருக்கும் ஒரே ஏற்பாடு அடுப்பு. மாலை ஐந்து மணிக்கு விறகு பற்றவைத்தாக வேண்டும், ஏழரைக்கு இருபத்து நான்கு தட்டும் நிரம்பியாக வேண்டும். "ஆறு மணிக்குக் கை சும்மா இருந்தா, கால் கடைக்குப் போவும்" என்பார். அந்த இரண்டரை மணி நேரம் எப்படிப்பட்டதென்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை.

நாளொன்றுக்கு மூவர் சமைக்க வேண்டும். என் முறை வியாழக்கிழமை. கேழ்வரகு, நொய், மொச்சை, முருங்கைக்கீரை, மார்க்கெட்டில் மாலையில் மிஞ்சும் காய்கறி, இவ்வளவுதான் கைவசம். மேற்பார்வை ஹயாத் பாஷா. ஆம்பூரில் கல்யாண பிரியாணி மாஸ்டராக இருந்து, குடியால் பெயர் கெட்டு, இங்கே வந்து நான்கு ஆண்டுகளாகத் தொடாமல் இருப்பவர். தோல் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறித்த பழக்கத்தில், அரிசி எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று முதல் நாளே அவரைக் கேட்டேன். "இன்னா சார், இது பஞ்ச் கார்டா? மூக்கால பாருங்க" என்றார். அன்றிலிருந்து இங்கே என் பெயர் டைம் ஆபீஸ். இதில் எனக்கு உடன்பாடில்லை.

நேற்று களி கிண்டினேன். துடுப்பைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும். கட்டி தட்டாமல் வந்தது. பதினாறு பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள். எண்ணினேன்.

கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். உன் அம்மாவின் முதலாண்டு நினைவு நாள் நவம்பரில் வருகிறது. சத்துவாச்சாரியில் உன் வீட்டில் படையல் போடுவாய். அந்தச் சமையலை நான் வந்து என் கையால் செய்ய உன் அனுமதியைக் கேட்கிறேன். வேறு எதையும் கேட்கவில்லை.

உன் தந்தை,
சு. ராமலிங்கம்


சத்துவாச்சாரி,
14-9-2025

அப்பாவுக்கு,

நான்கு கடிதமும் வந்தன.

உங்கள் கடிதத்தில் எத்தனை தேதிகள் என்று எண்ணிப் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்த நாள், கடிதம் போட்ட நாள்கள், எத்தனையாவது நாள் என்ற கணக்கு, மணி, நிமிடம், எல்லாம் இருக்கின்றன. அம்மாவின் நினைவு நாள் மட்டும் "நவம்பரில் வருகிறது." அந்த ஒரு தேதியை எழுத உங்கள் பேனாவுக்கு மனம் வரவில்லை.

நான் எழுதுகிறேன். 22. போன வருஷம் நீங்கள் வியாழக்கிழமை மாலை வெளியே போனவர், சனிக்கிழமை காலையில்தான் திரும்பி வந்தீர்கள். அம்மா வெள்ளிக்கிழமையே போய்விட்டாள். வந்த கையோடு அச்சகத்துக்குப் போய், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு 23 என்று எழுதிக் கொடுத்தீர்கள். போதையில் கிழமை தெரியவில்லை. ஆம்பூர் பஜாரில் ஆரம்பித்து ரயில்வே கேட் வரை ஒட்டிவிட்டார்கள். நானும் உங்கள் மாப்பிள்ளை வசந்தும் அரிவாள்மனையும் தண்ணீர்க் குடமுமாகப் போய்ச் சுரண்டினோம். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இன்னாம்மா, பசையே காயல, அதுக்குள்ள கிழிக்கிற? சொத்துத் தகராறா?" அம்மா முகத்தை என் நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் சமைக்கிறீர்கள் என்று படித்தபோது சிரிப்பு வரவில்லை. "உப்பு கம்மி" என்று நீங்கள் தள்ளிவிட்ட தட்டு சுவரில் இடித்து நிற்கும். அம்மா அதை எடுத்து, அதிலேயே உப்பைப் போட்டுப் பிசைந்து தான் சாப்பிடுவாள். உங்களுக்குப் புதுத்தட்டு வரும்.

வசந்த் உங்களை வீட்டுக்குள் விடவே கூடாது என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் ஒரு நிபந்தனை சொல்கிறேன். 2-6 முதல் 22-11 வரை ஒரு சொட்டு கூடக் கிடையாது என்றால் வாருங்கள், சமையுங்கள். நான் ஜோசுவாவைக் கேட்க மாட்டேன், யாரையும் விசாரிக்க மாட்டேன். நீங்கள் சொல்வதுதான். பொய் என்று தெரிந்தால் அதன் பிறகு உங்களுக்கு மகள் இல்லை.

இன்னொன்று. சமைக்கிறேன் என்கிறீர்களே, என்ன சமைப்பீர்கள்? அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

எழிலரசி


நாட்றம்பள்ளி,
19-9-2025, வெள்ளி, காலை 9.45
(110ஆம் நாள்)

அன்பு மகள் எழிலரசிக்கு,

உன் கடிதம் 17-9 புதனன்று கிடைத்தது. நிபந்தனையை ஏற்கிறேன். தேதியைக் குறித்து நீ எழுதியதைப் படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத என்னால் இயலவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு முருங்கைக்காய் சாம்பார் பிடிக்கும். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், அதை மிகுந்த கவனத்துடன் செய்வாள். களிப் பானையின் அடிக்காந்தல் மிகவும் பிடிக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டி உண்பாள். இவற்றுள் படையலுக்கு எது ஏற்றது என்று நீ சொன்னால், இரண்டு வியாழக்கிழமைகள் இங்கே செய்து பழகிக்கொள்வேன்.

என் முறையில் உடன் சமைப்பவன் அஹமது பாஷா. வயது நாற்பத்தாறு. வெங்காயத்தை விரற்கடை தடிமனுக்கு நறுக்குவான். கேட்டால், "வயித்துக்குள்ள போயி யாரு ஸ்கேல் வெச்சிப் பாக்கப் போறாங்க?" என்பான். சென்ற வாரம், 10-9 புதன் மாலை, அவன் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தான். தொழிற்சாலையாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். இங்கே நடப்பதே வேறு. குடித்தவனை எவரும் ஏனென்று கேட்பதில்லை. மறுநாள் யாருடைய முறையாக இருந்தாலும் பெரிய கரண்டி அவன் கைக்குப் போய்விடும். அத்தனை பேருக்கும் அவன் தலைமையில் சமைக்க வேண்டும். எல்லோரும் உண்ட பிறகு, கடைசியில்தான் அவன் உட்கார வேண்டும். சோறு நன்றாக இருக்கிறதென்றோ இல்லையென்றோ அன்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

இது தண்டனையா, சலுகையா என்று ஜோசுவாவிடமே கேட்டேன். "ரெண்டும் இல்ல சார். திட்னா மறுபடி குடிப்பான். தொரத்துனா செத்துப்போவான். கரண்டியக் குடுத்தா, இருபத்து மூணு பேருக்குப் பசிக்குதுன்னாவது ஞாபகம் வரும்" என்றார். எனக்கு இதில் திருப்தி இல்லை. கடைசியில் உண்பதும், எவரும் எதுவும் சொல்லாததும் ஒரு தண்டனையா? அந்தக் கரண்டி என் கைக்கு வரும் நாள் வரவே வராது என்பதை மட்டும் உறுதியாக எழுதுகிறேன்.

உன் தந்தை,
சு. ராமலிங்கம்


சத்துவாச்சாரி,
5-10-2025

அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய பட்டியலை அடுக்களையில் நின்றுகொண்டு படித்தேன். முருங்கைக்காய் சாம்பார் உங்களுக்குப் பிடித்தது. கருவாட்டுக் குழம்பு உங்களுக்குப் பிடித்தது. அம்மா மீன், கறி, கருவாடு எதையும் வாயில் வைக்க மாட்டாள். நாற்பத்து மூன்று வருஷம் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு உங்களுக்காகக் கருவாடு கழுவினாள். உங்களுக்கு இது தெரியாது என்பதை நம்பவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

காந்தலையும் அவள் பிடித்துப்போய்ச் சாப்பிடவில்லை. பானையில் மிஞ்சுவது அதுதான்.

கடைசியில் சாப்பிடுவதும், நன்றாக இருக்கிறதென்று யாரும் சொல்லாததும் ஒரு தண்டனையா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா தினமும் அப்படித்தான் சாப்பிட்டாள். அவள் என்ன குடித்தாள்?

அவளுக்குப் பிடித்தது ஒன்று எனக்குத் தெரியும். பக்ரீத் வந்தால் பக்கத்து வீட்டு ஆஃப்ரீன் அக்கா அம்மாவுக்கென்று கறி போடாமல் தனியாகக் குஸ்காவும், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கட்டாவும் செய்வார். வாங்கிக்கொண்டு வரலாம் என்று அம்மா தூக்குவாளியோடு போவாள். அவர் விடமாட்டார். "இங்கயே உக்காந்து சாப்டுட்டுப் போ கோவிந்தம்மா. வூட்டுக்கு எடுத்துனு போனா உனக்கு மிஞ்சாது" என்பார். அந்த வீட்டுக் கூடத்தில் விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, ஆவி பறக்க முதல் தட்டை அவளுக்குப் போடுவார். கட்டாவில் புளிப்பு ஜாஸ்தி என்று கூட அம்மா ஒரு தடவை சொன்னாள். அவள் குறை சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ராணி மாதிரி இருந்தது.

குஸ்கா, கத்திரிக்காய் கட்டா. முடிந்தால் அதைப் பழகுங்கள்.

எழிலரசி


நாட்றம்பள்ளி,
13-10-2025, திங்கள், காலை 11.00
(134ஆம் நாள்)

அன்பு மகள் எழிலரசிக்கு,

உன் கடிதம் 9-10 வியாழனன்று கிடைத்தது. பலமுறை படித்தேன்.

குஸ்காவும் கட்டாவும் கற்றுத்தர வேண்டும் என்று ஹயாத் பாஷாவிடம் அன்றே கேட்டுக்கொண்டேன். அவர் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார். அரிசியை அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது வேண்டும், மிளகாய்த்தூள் ஆகாது. வெங்காயம் பொன்னிறம் தாண்டிச் செம்மை வரும் வரை பொறுமை வேண்டும். தயிர் ஊற்றிய பின் தீயைக் குறைக்க வேண்டும். அரிசி முக்கால் பதம் வந்ததும் மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட வேண்டும். கட்டாவுக்குப் புளியும் வறுத்து அரைத்த வேர்க்கடலையும் எள்ளும்.

கத்திரிக்காய் வந்து சேரவில்லை. ஆகையால் நேற்று, 12-10 ஞாயிறு மாலை, குஸ்காவை மட்டும் சமைத்தேன். தணல் அதிகமாகிவிட்டது. அடி பிடித்துவிட்டது. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் உண்ண உட்கார்ந்தபோது மணி 8.25. ஆறிப்போயிருந்தது. நீ எழுதியது சரி. காந்தல் ஒரு மனிதர் விரும்பி உண்ணும் பொருள் இல்லை.

நிபந்தனையைக் காத்து வருகிறேன். இங்கே மழை பெய்கிறது. உன் கணவர் வசந்த் அவர்களை விசாரித்ததாகச் சொல்.

உன் தந்தை,
சு. ராமலிங்கம்


சத்துவாச்சாரி,
19-10-2025

அப்பாவுக்கு,

நாளை தீபாவளி. ஷூ கம்பெனியில் நான் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். நாள் முழுதும் தையல் விட்டுப்போன இடத்தைத் தேடுவது. முதலில் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவும்போது ஒரு இடத்தில் தடுக்கும். உங்கள் கடிதம் அப்படித் தடுத்தது.

நீங்கள் எப்போதும் வெள்ளிக்கிழமை எழுதுகிறவர். இது திங்கட்கிழமை.

உங்கள் முறை வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஏன் சமைத்தீர்கள்?

எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கடைசியில் சாப்பிட்டீர்கள். இது எந்த நாளின் வழக்கம் என்று போன மாதம் நீங்கள்தான் எனக்கு எழுதினீர்கள். மறந்துவிட்டதா, அல்லது நான் கண்டுபிடிக்கட்டும் என்றே எழுதினீர்களா?

"கத்திரிக்காய் வந்து சேரவில்லை." காய் தானாக நடந்தா வரும்?

நான் யாரையும் விசாரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், விசாரிக்கவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன். 11ஆம் தேதி சனிக்கிழமை மாலை எங்கே இருந்தீர்கள்?

பதில் எழுதும்போது மேலே அடைப்புக்குறிக்குள் என்ன எண் போடுகிறீர்கள் என்று முதலில் பார்ப்பேன். அதைப் பொறுத்துத்தான் கீழே படிப்பதா, கிழிப்பதா என்பது.

எழிலரசி


நாட்றம்பள்ளி,
24-10-2025, வெள்ளி, காலை 6.30
(13ஆம் நாள்)

எழிலரசிக்கு,

மேலே உள்ள எண் சரியானது. இருமுறை சரிபார்த்தேன்.

11-10-2025 சனிக்கிழமை பிற்பகல், கட்டா பழகுவதற்காகக் கத்திரிக்காய் வாங்க ஜோலார்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். நானாகத்தான் கேட்டுக்கொண்டு போனேன். ஆறு கிலோ, பச்சைக் கத்திரிக்காய், சாக்குப் பையில். 4.40க்கு வாங்கி முடித்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஐந்து மணி ஆயிற்று. இங்கே அடுப்பு பற்றவைக்கும் நேரம். அங்கே என் கை சும்மா இருந்தது. காரணம் என்று வேறொன்றை எழுத மாட்டேன். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அது காரணம் இல்லை. இருந்தது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். 5.10க்குக் கடைக்குள் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினேன். காய் வராததால் அனைவரும் வெறும் ரசத்தை ஊற்றி உண்டு முடித்திருந்தார்கள். ஹயாத் பாஷா வாசலில் நின்றார். மூக்கால் பார்ப்பவர் அவர். "கத்திரிக்கா எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். விற்றுத் தீர்ந்துவிட்டது என்றேன். பை அந்தக் கடையின் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு ஜோசுவா பெரிய கரண்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் குடிக்கவில்லை, எனக்கு எதற்கு இது என்றேன்.  அஹமது பாஷாதான் வெங்காயத்தை உரித்தபடி சொன்னான்: "டைம் ஆபீஸ், எங்கப்பா ரெண்டு நிமிஷம் லேட்டா வந்ததுக்கு அரை நாள் கட் பண்ணின ஆளு நீ. இப்போ உன் கார்டுல லேட்டுன்னு போடு. போடுய்யா." அவன் தந்தை எங்கள் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கரண்டியை எடுத்தேன்.

இங்கே இருபத்து மூன்று பேர் அறிந்த உண்மையை உனக்கு மட்டும் மறைத்து, மறுநாள் 134 என்று எழுதினேன். நவம்பர் 22க்கு எனக்கு அது தேவைப்பட்டது.

இப்போது, எழுத இயலவில்லை என்று சொன்னதை எழுதுகிறேன். உன் அம்மா கோவிந்தம்மாள் இறந்தது 22-11-2024, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. அப்போது நான் ஆம்பூரிலேயே, பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் இருந்தேன். சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தபோது எனக்குப் போதை முழுவதும் தெளிந்திருந்தது. கிழமை தெரிந்திருந்தது. அச்சகத்தில் தேதி கேட்டார்கள். 22 என்று போட்டால், மனைவி செத்த நாளில் ராமலிங்கம் எங்கே இருந்தான் என்று ஊர் கேட்கும். 23 என்று போட்டால் நான் வந்த நாளில் அவள் இறந்தாள் என்றாகிவிடும். நன்றாகத் தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தேன். நீ ஓராண்டாக அதைப் போதையின் பிழை என்று நினைத்திருக்கிறாய். அந்த எண்ணத்தில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். 134 என்று எழுதியதும் அதே கைதான்.

நான் கேட்ட அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 22ஆம் தேதி வரமாட்டேன்.

ராமலிங்கம்


சத்துவாச்சாரி,
2-11-2025

அப்பாவுக்கு,

எண்ணைப் பார்த்தேன். அதனால் கீழே படித்தேன். போஸ்டர் பற்றிய பத்தி வந்ததும் கிழிக்கத்தான் கை போனது.  குடிவெறியில் செய்தார், பாவம், புத்தி தெரியாமல் செய்தார் என்று உங்களுக்காக நான் எனக்குள் ஒரு சின்ன இடம் வைத்திருந்தேன். அதையும் எடுத்துவிட்டீர்கள்.

கடிதத்தை வசந்திடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். அப்புறம், "இத்தினி வருஷத்துல உங்கப்பா இந்த ஒரு லெட்டர்லதான் பேசறாரு" என்றார்.

சொன்னது சொன்னதுதான். நிபந்தனை உடைந்துவிட்டது. என் வீட்டுக்கு வர வேண்டாம். 22 காலையில் வீட்டுப் படையலை நானே போட்டுவிடுவேன்.

அதை முடித்துவிட்டு, அம்மா படத்தை எடுத்துக்கொண்டு நாட்றம்பள்ளிக்கு வருகிறேன். சனிக்கிழமை யார் முறை? அவர்களிடம் கேட்டு அன்றைய கரண்டியை வாங்குங்கள். குடித்ததற்காகக் கையில் வைக்கிற கரண்டி வேண்டாம். நீங்களாகப் போய்க் கேட்டு வாங்குகிற கரண்டி. குஸ்கா, கத்திரிக்காய் கட்டா. முதல் தட்டு அம்மா படத்துக்கு முன்னால், சூடாக. அடுத்தது அங்கே இருப்பவர்களுக்கு. நான் அவர்கள் வரிசையில் உட்காருவேன். நீங்கள் கடைசி.

வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இன்று எத்தனையாவது நாள் என்று. நாற்பது, நான்கு, ஒன்று, எதுவானாலும் சரி, உண்மையென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். பொய்யென்றால் படத்தோடு அப்படியே பஸ் ஏறிவிடுவேன். அதற்கப்புறம் கடிதம் போடாதீர்கள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எழிலரசி


நாட்றம்பள்ளி,
23-11-2025, ஞாயிறு, காலை 6.15
(43ஆம் நாள்)

அன்பு மகள் எழிலரசிக்கு,

இன்று 23. நேற்றுதான் 22. நேற்று நடந்ததை நேற்றைய தேதியிலேயே குறித்து வைக்கிறேன்.

நீ வருவதற்கு முந்தைய நாள், வெள்ளியன்று, அஹமது பாஷாவும் நானும் ஜோலார்பேட்டைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தோம். தனியாகப் போகிறேன் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. வழியெல்லாம் பையின் ஒரு காதை அவனும் மறு காதை நானும் பிடித்திருந்தோம். பார்ப்பவர்கள் சிரித்தார்கள்.

மாலை 4.50க்கு நீ கேட்டுக்கு வெளியே நின்று கேட்டாய். நாற்பத்திரண்டு என்றேன். என் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியவில்லை. நேரத்தைக் குறிக்கத் தவறிய மிகச் சில சமயங்களில் அது ஒன்று. பின்னால் இருந்து அஹமது பாஷா, "கரெக்ட்தாம்மா, கார்டு நான்தான் பாக்கறேன்" என்று சத்தம் போட்டான். நீ செருப்பைக் கழற்றினாய்.

7.05க்கு உன் அம்மாவின் படத்துக்கு முன் முதல் தட்டு வைத்தேன். ஆவி கண்ணாடியில் படிந்து அவள் முகம் சிறிது நேரம் தெரியவில்லை. நீயும் அதைப் பார்த்தாய்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்தீர்கள். நீ இரண்டு வாய் உண்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாய்.

 உன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவில்லை. படையலுக்கு வைப்பதை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது என்பதால் நான் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஹயாத் பாஷா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டேன். உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து உன் பக்கத்தில் குனிந்து நின்றேன். நீ ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பிசைந்து உண்டாய். டப்பாவை வரிசையில் அடுத்தவருக்கு நீட்டினாய். இருபத்து மூன்று பேரும் எடுத்தார்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. ஒருவர் உண்ணும்போது எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தது இதுவே முதல் முறை.

உன் தட்டு காலியாயிற்று. கட்டாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாய். நன்றாக இருக்கிறது என்று நீ சொல்லவில்லை. அதைச் சொன்னபடியே காத்தாய்.

எல்லோரும் எழுந்த பின் 8.20க்கு நான் உட்கார்ந்தேன். எனக்கு மிஞ்சியது காந்தல்தான். உண்டேன். உன் அம்மாவின் தட்டை நீ எடுத்து என் முன் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் புறப்பட்டதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்ண முடிந்திருக்காது. அந்தத் தட்டில் இருந்த கட்டாவில் புளிப்பு சற்று அதிகம். அவளும் அதைச் சொல்லியிருப்பாள்.

வரும் வியாழக்கிழமை, 27-11-2025, என் முறை. மொச்சைக் குழம்பு. உப்பை நானே பார்த்து இறக்குவேன். தகவலுக்காக எழுதுகிறேன். அழைப்பு என்று நீ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உன் அப்பா,
ராமலிங்கம்